இரட்டை இயங்குதளக் கணினிகளில் வட்டுப் பிரிவு மேலாண்மையும் ஆய்வுத் தரவுப் பாதுகாப்பும்: திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் நிறுவிப் பயன்படுத்தும் தேவை தமிழாய்வாளர்களிடையே வளர்ந்து வருகிறது. இத்தகைய கணினிகளில் நேரும் தரவு இழப்பிற்கு வன்தட்டின் பழுது மட்டுமே காரணமன்று. வட்டுப் பிரிவுகளைப் பற்றிய தெளிவின்மையும் ஒரு முதன்மைக் காரணமாகும். ஆய்வுத் தரவுகளை எந்த இயங்குதளத்திற்கும் உரிமையாக்காமல் தனிப் பிரிவில் வைப்பதே அடிப்படைப் பாதுகாப்பு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிரிவு அட்டவணை, துவக்க முறை, அளவுத் திட்டம், மாற்றும் வரிசை, தமிழ்க் கோப்புப் பெயர்களால் எழும் இடர்கள், மீட்பு ஆகியவை முறையே ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வட்டுப் பிரிவு, இயங்குதளம், கோப்பு முறைமை, காப்புப் பிரதி, ஒருங்குறி, திருப்பூர், கள ஆய்வுத் தரவு.

முன்னுரை

திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்கும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பவர் டேபிள், ஓவர்லாக், செக்கிங், கைமடி எனத் தொழிலாளர் நாவில் புழங்கும் சொற்களை அவர் ஒலிப்பதிவு செய்கிறார். பணிமுறை முடிந்த இரவு நேரங்களில் எடுக்கப்பட்ட நேர்காணல்கள் அவை. பேசியவர்களுள் சிலர் வேறு ஊருக்குப் பெயர்ந்துவிட்டனர். முதியோர் சிலர் இன்று இல்லை. ஒருநாள் கணினி துவங்க மறுக்கிறது. பழுது நீக்கும் கடையில் ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்கின்றனர். மாலையில் கணினி புதிதுபோல் இயங்குகிறது. நேர்காணல்கள் மட்டும் இல்லை.

இது கற்பனையான சூழலே. ஆயினும் இதன் ஒவ்வொரு படியும் இயல்பாக நிகழக்கூடியது. நூலகத்தில் கிடைக்கும் நூலைத் தொலைத்தால் மீண்டும் பெறலாம். களத்தில் ஒருமுறை கேட்ட குரலை மீண்டும் பெற இயலாது. எனவே வட்டுப் பிரிவு மேலாண்மை கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. ஆய்வு நெறியின் ஒரு கூறாகவும் கொள்ளத்தக்கது.

இரட்டை இயங்குதளத்தின் தேவை

தமிழகத்தில் இரட்டை இயங்குதளக் கணினி பரவலாக அறிமுகமானதில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்திற்கான கொள்முதலை எல்காட் நிறுவனம் மேற்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. கணினியை இயக்கியதும் ‘எந்த இயங்குதளம்?’ என்று கேட்கும் திரையைப் பல மாணவர்கள் முதன்முதலில் கண்டது இக்கருவிகளில்தான்.

திருப்பூரின் தொழிற்சூழலிலும் இத்தேவை உண்டு. ஆடைகளுக்குப் பேட்டர்ன் வரையவும், துணி வீணாகாதவாறு மார்க்கர் அமைக்கவும், எம்பிராய்டரி வடிவங்களை உருவாக்கவும் பயன்படும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. கணக்கு எழுதும் மென்பொருள்களின் நிலையும் அதுவே. மறுபுறம், பெருந்தொகுதியான தமிழ் உரைகளைச் சொல்வாரியாகப் பகுத்தல், எண்ணுதல், ஒப்பிடுதல் ஆகியவற்றிற்கான கட்டற்ற கருவிகள் லினக்ஸில் எளிதில் இயங்குகின்றன. ஆயத்த ஆடை வடிவமைப்புத் துறையும் மொழியாய்வும் ஒரே கணினியைப் பகிரும் கல்லூரியில் இரண்டு இயங்குதளங்களும் வேண்டியவை ஆகின்றன.

அண்மைக்காலக் காரணம் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 உள்ளிட்ட வன்பொருள் தகுதிகளைக் கோருகிறது. அத்தகுதி இல்லாத, ஆனால் நன்கு இயங்கும் கணினிகளில் பழைய விண்டோஸைத் தொழில் மென்பொருளுக்காக வைத்துக்கொண்டு, இணையப் பயன்பாட்டிற்கு லினக்ஸை நிறுவிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும். வட்டைப் பிரிக்கும் பணி இங்குத் தொடங்குகிறது.

வட்டும் பிரிவு அட்டவணையும்

பேச்சு வழக்கில் பார்ட்டிஷன் எனப்படும் வட்டுப் பிரிவை நிலத்தின் பாகப்பிரிவினையோடு ஒப்பிடலாம். நிலத்தில் சுவர் எழுப்பாமலேயே பத்திரத்தில் எல்லை குறிப்பதுபோல, வட்டின் எந்த இடத்தில் ஒரு பிரிவு தொடங்கி எங்கு முடிகிறது என்பதைப் பிரிவு அட்டவணை குறித்துவைக்கிறது. அட்டவணை சிதைந்தால் தரவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றிற்குச் செல்லும் வழி மட்டும் தெரியாமற்போகும்.

அட்டவணை முறைகள் இரண்டு. முதலாவது, 1983-இல் ஐ.பி.எம். கணினிகளுக்கான டாஸ் 2.0 உடன் வந்த எம்.பி.ஆர். முறை. வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் துவக்க நிரலும் 64 பைட்டு அளவிலான அட்டவணையும் அடங்குகின்றன. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு வீதம் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடம் உண்டு. மேலும் வேண்டுமெனில் நான்கில் ஒன்றை விரிவுப் பிரிவாக்கி, அதனுள் தருக்கப் பிரிவுகளை அமைக்க வேண்டும். 512 பைட்டுக் கூறுகளைக் கொண்ட வட்டில் 2 டெராபைட்டிற்குச் சற்று மேற்பட்ட அளவே இம்முறையில் கையாளத்தக்கது.

இரண்டாவது, யு.இ.எஃப்.ஐ. தரத்தின் பகுதியான ஜி.பி.டி. முறை. இதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் மற்றொரு படி வட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. பிழையைக் கண்டறியும் சரிபார்ப்பு எண்களும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே புதிய கணினிகளில் இதுவே ஏற்றது. எம்.பி.ஆர். முறையில் உள்ள பழைய கணினியில் அடுத்த இயங்குதளத்தை நிறுவுமுன், நான்கு முதன்மைப் பிரிவுகளும் ஏற்கெனவே நிறைந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

துவக்கம் முறியும் இடம்

‘லினக்ஸை நீக்கினேன், விண்டோஸும் வரவில்லை’ என்பது இரட்டை இயங்குதளப் பயனரிடம் கேட்கக்கூடிய முறையீடு. இதன் காரணம் எளியது. எம்.பி.ஆர். முறையில் கிரப் எனும் துவக்க ஏற்றியின் தொடக்கப் பகுதி வட்டின் முதற்கூறில் இருக்கும். அதன் எஞ்சிய கோப்புகள் லினக்ஸ் பிரிவில் இருக்கும். இடம் வேண்டி விண்டோஸிலிருந்து லினக்ஸ் பிரிவை அழித்தால், முதற்கூறில் உள்ள நிரல் தன் கோப்புகளைத் தேடிக் காணாமல் கரிய திரையில் மீட்புக் குறியோடு நின்றுவிடுகிறது. விண்டோஸும் ஆய்வுக் கோப்புகளும் அப்போது சிறிதும் சிதைவதில்லை. விண்டோஸ் நிறுவல் வட்டிலுள்ள பழுதுநீக்கும் வசதியால் முதற்கூறை மட்டும் திருத்தி எழுதினால் போதும். இதனை அறியாது முழு வட்டையும் ஃபார்மட் செய்வது, பூட்டு மாற்ற வேண்டிய வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும்.

யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் நிலைமை சற்று எளிது. ஃபேட்32 அமைப்பிலான சிறிய துவக்கப் பிரிவு ஒன்றில் ஒவ்வோர் இயங்குதளத்தின் ஏற்றியும் தனித்தனி உறையில் இடம்பெறுகிறது. ஒன்று செயலிழந்தாலும், கணினியின் துவக்கப் பட்டியலைத் திறந்து மற்றொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 100 மெகாபைட் அளவே உடையதாக இருப்பினும் இத்துவக்கப் பிரிவை ‘தேவையற்றது’ எனக் கருதி அழித்தலாகாது.

2021-இல் வெளியான கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிடும் வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டுள்ளது. லினக்ஸ் புதுப்பிக்கப்பட்ட பின் பட்டியலில் விண்டோஸ் காணப்படாவிடின் அது அழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. கிரப் அமைப்புக் கோப்பில் அவ்வசதியை இயக்கிப் பட்டியலைப் புதுப்பிக்கலாம்.

அளவுத் திட்டம்

பிரிவுகளின் அளவைத் தரவின் இயல்பை ஒட்டி முடிவு செய்தல் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதடம் என்னும் தரத்தில் சுருக்கப்படாத ஒலிப்பதிவு ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 1.04 ஜிகாபைட் இடம் கொள்ளும். நூறு மணிநேர நேர்காணல்களுக்கு 104 ஜிகாபைட் வேண்டும். ஒளிப்படங்கள், எழுத்துப்பெயர்ப்புகள், வருங்காலச் சேர்க்கைகள் ஆகியவற்றைக் கருதினால் இதன் இருமடங்கு தேவை.

512 ஜிகாபைட் எனக் குறிக்கப்பட்ட வட்டினை விண்டோஸ் ஏறத்தாழ 476 எனக் காட்டும். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காகவும் விண்டோஸ் 1024-இன் மடங்காகவும் கணக்கிடுவதே வேறுபாட்டின் காரணம். இந்த 476-ஐப் பின்வருமாறு பகுக்கலாம்: துவக்கப் பிரிவும் விண்டோஸின் சிறு ஒதுக்கமும் சேர்ந்து அரை ஜிகாபைட், விண்டோஸுக்கு 150, லினக்ஸுக்கு 60, ஆய்வுத் தரவுக்கு 240, விண்டோஸ் மீட்புப் பிரிவுக்கு 1, எஞ்சிய 25 ஒதுக்கப்படாத வெற்றிடம்.

அவ்வெற்றிடத்தை விண்டோஸ் பிரிவை அடுத்து விடுதல் நன்று. விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவி, ஒரு பிரிவை அதன் வலப்புறம் ஒட்டியுள்ள வெற்றிடத்திற்குள் மட்டுமே விரிக்கவல்லது. இடையில் வேறொரு பிரிவு நின்றால், வட்டின் இறுதியில் எவ்வளவு இடம் இருப்பினும் பயனில்லை.

இத்திட்டத்தின் உயிர்நாடி 240 ஜிகாபைட் தரவுப் பிரிவாகும். விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும், லினக்ஸை மாற்றினாலும் அப்பிரிவைத் தொட வேண்டிய தேவை எழாது. ஆவணங்கள், ஒலிப்பதிவுகள் முதலிய உறைகளின் இருப்பிடத்தை இரு இயங்குதளங்களிலும் அப்பிரிவிற்கு மாற்றிவிட வேண்டும். மேசைத் திரையில் கோப்புகளைக் குவித்துவைக்கும் பழக்கம் இங்குக் கைவிடத்தக்கது. மேசைத் திரை என்பது இயங்குதளப் பிரிவின் உட்பகுதியே.

மாற்றும் வரிசை

பிரிவுகளை மாற்றும் பணியில் வரிசை முதன்மையானது. முதலாவதாக, எல்லாத் தரவுகளையும் புறவட்டு ஒன்றில் படியெடுத்து, அவற்றுள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத படி காப்புப் பிரதி ஆகாது.

இரண்டாவதாக, வட்டின் தற்போதைய அமைப்பை ஒளிப்படம் எடுத்துவைக்க வேண்டும். விண்டோஸில் சி, டி எனக் காணப்படும் எழுத்துகள் லினக்ஸில் இரா. அங்குப் பிரிவுகள் வேறு பெயர்களில் தோன்றும். ஆகவே அளவையும் பெயர்ச்சீட்டையும் கொண்டே பிரிவை அடையாளம் காண இயலும். ‘ஆய்வுத்தரவு’ என ஒரு பிரிவுக்குப் பெயரிடும் சிறு செயல் பெரும் பிழையைத் தடுக்கும்.

மூன்றாவதாக, பிட்லாக்கர் குறியாக்கம் இயக்கத்தில் உள்ளதா எனச் சரிபார்த்து, மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிவைத்து, குறியாக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். துவக்க முறையில் மாற்றம் நேர்ந்ததும் கணினி இவ்வெண்ணைக் கேட்கக்கூடும். இல்லையேல் தரவு அனைத்தும் பூட்டிய பெட்டியாகும்.

நான்காவதாக, விண்டோஸ் பிரிவை விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே சுருக்க வேண்டும். நகர்த்த இயலாத கோப்புகள் இடையில் இருந்தால் எதிர்பார்த்த அளவு சுருங்காது. சுருக்கிய பின் விண்டோஸை மீண்டும் துவக்கிப் பார்த்தே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, யு.எஸ்.பி. துவக்கியிலிருந்து லினக்ஸை இயக்கி, வெற்றிடத்தில் மட்டும் புதிய பிரிவுகளை அமைக்க வேண்டும். நிறுவல் நிரலில் ‘முழு வட்டையும் அழித்து நிறுவு’ என்னும் வாய்ப்பும் ‘பிறவற்றுடன் சேர்த்து நிறுவு’ என்னும் வாய்ப்பும் அடுத்தடுத்து இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையிலான ஒரு சொடுக்கு, ஆண்டுக்கணக்கான உழைப்பின் அளவினது.

ஒரு பிரிவின் தொடக்க எல்லையை நகர்த்தும்போது அதனுள் உள்ள தரவு முழுவதும் இடம்பெயர்கிறது. இதற்குப் பல மணிநேரம் ஆகலாம். இடையில் மின்சாரம் நின்றால் சிதைவு நேரும். 2012-ஆம் ஆண்டளவில் நீண்ட மின்வெட்டைக் கண்ட திருப்பூர்ப் பகுதியினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்த நிலையில் மின் இணைப்போடும், மேசைக் கணினியாயின் யு.பி.எஸ். துணையோடும் இப்பணியைச் செய்தல் வேண்டும்.

கோப்பு முறைமையும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

தரவுப் பிரிவை எந்தக் கோப்பு முறைமையில் அமைப்பது என்பது அடுத்த வினா. ஃபேட்32 முறைமையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்ட இயலாது; முற்கூறிய தரத்தில் நான்கு மணிநேரத்திற்குச் சற்று மேற்பட்ட தொடர் ஒலிப்பதிவே அந்த எல்லையைத் தொட்டுவிடும். எக்ஸ்ஃபேட் முறைமைக்கு அவ்வெல்லை இல்லை எனினும், எழுதும்போது மின்சாரம் நின்றால் சீர்செய்யத் துணைபுரியும் செயற்குறிப்பேடு அதில் இல்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. என்.டி.எஃப்.எஸ். முறைமையை இரண்டும் படிக்கவும் எழுதவும் வல்லன. 2021-இல் வெளிவந்த லினக்ஸ் கருவகம் 5.15 முதல் அதற்கான எழுதும் திறனுள்ள புதிய இயக்கியும் கருவகத்திலேயே சேர்ந்துள்ளது. எனவே பொதுத் தரவுப் பிரிவுக்கு என்.டி.எஃப்.எஸ். ஏற்றது. அதில் பிழை நேர்ந்தால் விண்டோஸின் கருவியாலேயே சீர்செய்தல் வேண்டும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடும் ஆய்வாளர்கள் மூன்று இடர்களை அறிந்திருத்தல் நலம். முதலாவது, நீளம். என்.டி.எஃப்.எஸ். ஒரு பெயருக்கு 255 குறிகளை ஏற்கும். எக்ஸ்ட்4 255 பைட்டுகளையே ஏற்கும். ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு கொள்ளும். ஐந்தெழுத்துச் சொல்லாகிய ‘திருப்பூர்’ 10 குறிகளாகி 30 பைட்டுகளைப் பெறுகிறது. ஆகவே கட்டுரைத் தலைப்பையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பு விண்டோஸில் இயல்பாக இருந்து, லினக்ஸ் பிரிவுக்குப் படியெடுக்கும்போது பெயர் மிக நீளமெனத் தவறிப்போகும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒருசேரப் படியெடுக்கையில் இப்பிழைச் செய்தி கண்ணில் படாமலும் போகலாம். பெயர்களை 40 எழுத்துகளுக்குள் அமைத்தல் பாதுகாப்பானது.

இரண்டாவது, குறியேற்ற வேறுபாடு. ‘தொழில்’ என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்க ஒருங்குறி இடமளிக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கோப்பு முறைமைக்கு வெவ்வேறு. எனவே ஒரே பெயரில் இரு கோப்புகள் ஒரே உறையில் காணப்படலாம். தேடலில் ஒன்று மட்டும் அகப்படலாம். இரு இயங்குதளங்களிலும் ஒரே விசைப்பலகை முறையைப் பின்பற்றுவது இக்குழப்பத்தைக் குறைக்கும்.

மூன்றாவது, நிறுத்தற்குறிகள். நேர்காணல் நேரத்தை முக்காற்புள்ளியிட்டு 10:30 எனக் கோப்புப் பெயரில் எழுத லினக்ஸ் இசையும், விண்டோஸ் இசையாது. வினாக்குறி, மேற்கோட்குறியின் நிலையும் அதுவே. இணைகோடு, அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நன்று.

இரு தளங்களும் ஒரு பிரிவைத் தொடும்போது

விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் துவக்க வசதி, கணினியை அணைத்தாலும் அதன் நிலையை வட்டில் எழுதி உறங்கவைக்கிறது. அந்நிலையில் விண்டோஸ் தான் கையாண்ட பிரிவுகளை இன்னும் தன் பொறுப்பில் உள்ளனவாகவே கருதும். லினக்ஸ் அவற்றைத் திறக்க மறுக்கும். அல்லது படிக்க மட்டும் இசையும். வற்புறுத்தி எழுதினால் தரவு சிதையும். எனவே இரட்டை இயங்குதளக் கணினியில் விரைவுத் துவக்கத்தை நிரந்தரமாக அணைத்தல் வேண்டும்.

கடிகார வேறுபாடு மற்றொன்று. விண்டோஸ் கணினியின் உட்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், லினக்ஸுக்குப் பின் விண்டோஸைத் திறந்தால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். கோப்பு உருவான நேரத்தைச் சான்றாகக் கொள்ளும் கள ஆய்வில் இது பிழையான பதிவுகளை உண்டாக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்திற்கு மாற்றுவதால் இது தீரும்.

லினக்ஸ் பிரிவையோ, லினக்ஸில் அமைத்த புறவட்டையோ காணும் விண்டோஸ், ‘பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்பதுண்டு. அது வட்டின் பழுதைக் குறிப்பதன்று. ‘இதனைப் படிக்க எனக்குத் தெரியாது’ என்பதே அதன் பொருள். மறுத்துவிடுதலே சரியான விடை.

பிழை நேர்ந்தபின்

பிரிவு ஒன்று தவறுதலாக அழிக்கப்பட்டால், அட்டவணையில் உள்ள பதிவு மட்டுமே முதலில் நீங்குகிறது. அவ்வட்டில் புதிதாக எதையும் எழுதாமல் கணினியை உடனே அணைப்பது முதற்கடமை. பின்னர் யு.எஸ்.பி. துவக்கியிலிருந்து இயங்கி, முழு வட்டையும் மற்றொரு வட்டில் படியெடுத்து, அப்படியின்மீது டெஸ்ட்டிஸ்க் போன்ற கட்டற்ற கருவியால் பழைய எல்லைகளைத் தேடலாம். முன்பே எடுத்துவைத்த வட்டமைப்பின் ஒளிப்படம் இங்கு உதவும். புதிய கோப்பு முறைமை நிறுவப்பட்டுவிட்டால் வாய்ப்பு குறையும். எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் அவ்வாறு நிறுவும்போதே பழைய பகுதிகள் வேண்டாதவை என வட்டுக்கு அறிவிக்கப்படுவதால், மீட்பு பெரும்பாலும் இயலாததாகிறது.

முடிவுரை

வட்டுப் பிரிவு மேலாண்மை குறித்து இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே: இயங்குதளம் மாற்றத்தக்கது, தரவு மாற்றத்தகாதது, ஆதலின் இரண்டும் ஒரே பிரிவில் இருத்தல் கூடாது. தனித் தரவுப் பிரிவு உள்ள கணினியில் ‘ஃபார்மட் அடிப்பது’ ஓர் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் செயலாக மட்டும் சுருங்கிவிடுகிறது.

ஆயினும் இதன் எல்லையையும் உணர வேண்டும். மறுநிறுவலிலிருந்து தரவைக் காக்கும் தனிப் பிரிவு, வட்டின் பழுதிலிருந்தோ திருட்டிலிருந்தோ காவாது. எல்லாப் பிரிவுகளும் ஒரே வட்டில் உள்ளமையின் வட்டு அழிந்தால் எல்லாம் அழியும். ஆகவே ஒரு படி புறவட்டிலும் மற்றொரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். ஆய்வேட்டுப் பணி தொடங்கும் நாளிலேயே நெறியாளரும் ஆய்வாளரும் இவ்வமைப்பை முடிவுசெய்துகொள்வது, தம்மை நம்பிப் பேசிய தொழிலாளர்களின் குரலுக்குச் செய்யும் நேர்மையுமாகும்.